சக்கரம் பெருத்ததால் பக்கத்தில் வந்த ஊர்

மெத்தோடியின் நீவா வண்டிக்குச் சக்கரம் போதவில்லை என்பது மேல் லெஷ்னிக் மலையூரில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாது. அதற்காக அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது. அதற்குப் பார்க்க வேண்டியவை ஏராளம். ஆகையால் அது எதையும் நேரில் பார்ப்பதில்லை.

மரம் ஏற்றிய லாரிகள் இறங்கி இறங்கி, மலைப்பாதையில் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. இரண்டு தடத்துக்கும் நடுவே எருமை முதுகு மாதிரி ஒரு மண்மேடு. நீவா நல்ல வண்டிதான். நாலு சக்கரமும் இழுக்கும். மெத்தோடிக்கு மீசை அரும்பிய காலத்தில் அவன் அப்பா வாங்கியது. ஆனால் அதன் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டால், மல்லாந்து விழுந்த வண்டைப் போல நாலு சக்கரமும் காற்றில் சுற்றும்.

செவ்வாயும் வெள்ளியும் அவன் வெலிக்கா டீச்சரைக் கீழே நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போவான். டீச்சருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அடுத்த வாரம் உண்டு. டீச்சர் அவனுக்கு உறவில்லை, பக்கத்து வீடு. அந்த மலையில் அதுவே போதுமான காரணம்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வண்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் டீச்சரின் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. பாதையைப் பார்த்தது. அடிவாரத்திலேயே நின்றுகொண்டது. ஊர்க்காரர்கள் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் டீச்சரைப் படுக்கவைத்துச் சுமந்து இறக்கினார்கள். டீச்சர் பிழைத்துக்கொண்டார். மெத்தோடிதான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அவன் நேராகச் சாப்ரியானின் பட்டறைக்குப் போனான். சாப்ரியான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான்.

"பெரிய டயர் போட்டுட்டா போதுமாடா?" என்று கேட்டான் மெத்தோடி.

"போதும்னு நெனச்சா வீட்டுக்குப் போண்ணே," என்றது டிராக்டர். "டயர் பெருசானா ஸ்டீரிங்கை ஒடிக்கிறப்ப மட்கார்டுல உரசும். மட்கார்டு விளிம்பை வெட்டணும். வெட்டுனா உள்ள தகரத்து மடிப்பு நீட்டிக்கிட்டு நிக்கும், அதைச் சுத்தியலால படிய அடிக்கணும். ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை குடுத்துத் தூக்கணும். அகலமான ரிம் வேணும். அப்பறம் ஏத்தத்துல எஞ்சின் மூச்சு வாங்கும், கோச்சுக்கக் கூடாது."

"பிரேக்கு?"

"பிரேக்கை நான் பாத்துக்கறேன். நீ புனித பெட்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை." சாப்ரியான் தலையை வெளியே நீட்டினான். "இன்னொண்ணு. மீட்டர் பொய் சொல்லும். பெரிய சக்கரம் கொஞ்சமாத்தான் சுத்தும். மீட்டருக்குச் சுத்தை எண்ணத்தான் தெரியும், தூரம் தெரியாது. பத்து கிலோமீட்டர் போனா ஒம்பதரைன்னு காட்டும்."

"காட்டிட்டுப் போவுது. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான் மெத்தோடி.

அவன் அதுவரை அரசாங்க அலுவலகத்துக்குள் போனவன் அல்ல.

வண்டி தயாரானதும் பார்ப்பதற்கு, அப்பாவின் பூட்சை மாட்டிக்கொண்ட பிள்ளை போல இருந்தது. ஆனால் வயிறு மேட்டைத் தொடவில்லை. கோடை முழுவதும், அதன் பிறகு வந்த மழையிலும், டீச்சர் ஒரு செவ்வாயையோ வெள்ளியையோ தவறவிடவில்லை. சக்கரம் பெரிதானதில் ஏறுவதுதான் கஷ்டமாகிவிட்டது. மெத்தோடி ஒரு மரப்பெட்டியைப் படியாகப் போட்டான். "மேடைப் பேச்சுக்கு ஏறுற மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் ஏறுவார்.

இலையுதிர் காலத்தில் வருடாந்திர வண்டிப் பரிசோதனை வந்தது. பரிசோதகர் லூபென் பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். "என் வண்டி பிரேக்கை விட இது நல்லா புடிக்குது," என்று மனம்விட்டுச் சொன்னார். பிறகு டயரின் அளவைக் கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மாறியது.

"மெத்தோடி, இது நீவா இல்லங்குது."

"அப்ப என்னவாம்?"

"அது தெரியலையாம். நீவா இல்லங்கறது மட்டும் நிச்சயமாம்." லூபென் திரையைத் துடைத்துப் பார்த்தார். பதில் மாறவில்லை. "இயக்ககத்துக்குப் போய் ஒப்புதல் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் தற்காலிக அனுமதி தரேன். அங்க இதை முடிவு பண்ற கமிட்டி உக்காரற அன்னிக்கு அது முடிஞ்சிரும். ஒப்புதல் கிடைக்கலைன்னா வாசல்லயே நம்பர் பிளேட்டைக் கழட்டிருவாங்க, சொல்லிட்டேன்."

வட்டாரச் சக்கர ஒத்திசைவு இயக்ககம் நகரின் நடுவே மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் சங்கிலி. சங்கிலியில் ஒரு பலகை: 'வளாகத்துக்குள் வாகனங்களுக்கு அனுமதியில்லை.' மெத்தோடி வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு, காவலாளியிடம் என்ஜினியர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டான். காவலாளி தலையை மேலும் கீழும் ஆட்டினார். மெத்தோடி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, வண்டியில் உட்கார்ந்து, கொண்டுவந்த பனித்சா என்ற பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றான். மதியம் வரை உட்கார்ந்திருந்தான்.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏம்ப்பா, உள்ள போகலியா? அவரு காலையிலேருந்து உள்ளதான் இருக்காரு."

"இல்லன்னு தலையாட்டுனீங்களே."

"இருக்காருன்னு ஆட்டுனேன். சுற்றறிக்கை படிக்கலியா நீ?"

சுற்றறிக்கை காவலாளியின் கூண்டிலேயே ஒட்டியிருந்தது. சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து, இயக்ககத்துக்குப் பெரிய நிதி ஒன்று தருவதாகவும், வேண்டுமா என்றும் கேட்டிருந்தது. அதிகாரிகள் அத்தனை பேரும் ஆசையோடு, ஊர் வழக்கப்படி 'ஆம்' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டியிருந்தார்கள். குழு மரியாதையாக விடைபெற்று, நிதியைப் பக்கத்து நாட்டுக்குக் கொடுத்துவிட்டது. அதன் பேரில் பிறந்தது இந்த ஆணை: 'ஆம் என்பதற்கு இதுவரை பக்கவாட்டில் ஆட்டப்பட்டுவந்த தலை, இயக்கக வளாகத்துக்குள் இனி மேலும் கீழும் ஆட்டப்படும். இல்லை என்பதற்கு மேலும் கீழும் ஆட்டப்பட்டுவந்த தலை, இனிப் பக்கவாட்டில் ஆட்டப்படும். கமிட்டிகளில் வாக்களிப்பு, எல்லா நாட்டினருக்கும் புரியும் பொருட்டு, தலையால் மட்டுமே நடைபெறும். வாய் திறந்தால் வாக்கு செல்லாது.' கீழே கையெழுத்து: தலைமை என்ஜினியர் கவ்ரிலோவ்.

"வீட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் மெத்தோடி.

"சங்கிலிக்கு அந்தப் பக்கம் என் தலை எனக்குச் சொந்தம்ப்பா," என்றார் காவலாளி. "ஆனா போன வாரம் எம்பொண்டாட்டி, அவங்கம்மா நம்மகூடவே வந்து இருக்கட்டுமான்னு கேட்டா. நான் டியூட்டி முடிச்ச அசதியில ஆபீஸ் முறையில 'வேணாம்'னு ஆட்டிட்டேன். மாமியார் இப்ப ஹால்ல இருக்காங்க."

கவ்ரிலோவ் நல்ல மனிதர். மெத்தோடியை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர்தான் அவ்வப்போது மறந்துவிடுவார்.

"உங்களுக்கு நான் எதிரி இல்ல மெத்தோடி," என்று தொடங்கினார். "இந்தத் துறையில இத்தனை வருஷமா இருக்கேன். ஒரு சக்கரத்தைக்கூடத் தொட்டதில்ல. ஏன் தெரியுமா? தொட்டா ஒரு பாசம் வந்துரும். பாசம் வந்தா தீர்ப்பு சாயும். என் கையைப் பாருங்க." கையை நீட்டினார். சோப்பு விளம்பரத்துக்கு வைக்கலாம், அப்படி ஒரு கை.

மெத்தோடி தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "ஐயா, கீழ தெருவுல உங்க வண்டியைப் பாத்தேன். என்னோடதை விடப் பெரிய சக்கரமா இருக்கே."

"நல்ல கேள்வி. என் வண்டி பெரிய சக்கரத்தோடவே பொறந்தது. உங்களோடது பெருசா ஆனது. பொறந்தது வேற, ஆனது வேற. பொறந்ததை அரசாங்கம் ஒண்ணும் கேக்காது. புதுசா ஒண்ணு ஆகறப்பதான் நாங்க தலையிட வேண்டியிருக்கு. இல்லன்னா ஆளாளுக்கு ஏதாவது ஆயிட்டே போவாங்க இல்லியா?"

மெத்தோடி விடவில்லை. டீச்சரைப் பற்றிச் சொன்னான். பாதையைப் பற்றிச் சொன்னான்.

"பாதைங்கறது பாதைத் துறை. நாங்க சக்கரம். இருந்தாலும் உங்க விண்ணப்பத்தைப் பாத்ததுமே அங்க கேட்டுப் பாத்தேன். அந்தப் பாதை போன தடவைத் தேர்தல் முடிஞ்சதுமே தார் போட்டாச்சு. தார் ரோட்டுல தடம் விழாது."

"விழுந்திருக்குங்க ஐயா. தாரே இல்லீங்க."

"அது உங்க அபிப்பிராயம்," என்றார் கவ்ரிலோவ் கனிவோடு. "ஆனா ஒரு வழி இருக்கு. மருத்துவமனையிலேருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால இருந்தா அது தொலைதூரக் குடியிருப்பு. அங்க ஓடற வண்டிக்குப் பெரிய சக்கரம் குடுக்க விதி இருக்கு. உங்க ஊரு எவ்வளவு தூரம்?"

"பத்துக்கு மேல ஐயா, காலங்காலமா," என்றான் மெத்தோடி. முதல் தடவையாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப கவலையே இல்ல. விண்ணப்பத்துல இருக்கற வண்டியிலேயே, விண்ணப்பத்துல இருக்கற சக்கரத்தோட, எங்க ஆள் ஒருத்தர் வந்து அளந்துட்டு வருவாரு."

ஆள் வந்தார். மண்ணுக்குப் பயந்து முழங்கால் வரை பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, நீவாவிலேயே ஏறிப் போய், மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு, டீச்சர் கொடுத்த பிளம் பழக் கம்போட்டைக் குடித்துவிட்டு இறங்கினார். மீட்டர் ஒன்பதே முக்கால் காட்டியது.

கமிட்டி உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மதியம் டீச்சருக்கு இயந்திரத்தில் முறை இருந்ததால், மெத்தோடி அவரையும் அழைத்துக்கொண்டே வந்திருந்தான். வாசலில் ஒரு போலீஸ்காரர் கையில் ஸ்குரூ டிரைவரோடு வண்டியைப் பார்த்தபடி நின்றார். பிளேட்டைக் கழற்றிவிட்டால் இன்று டீச்சரை மருத்துவமனைக்கு எப்படியாவது சேர்த்துவிடலாம். மலைக்குத் திரும்புவது எப்படி? அடுத்த செவ்வாய்க்கு இறங்குவது எப்படி? கதவைக் கழற்றிச் சுமக்க இப்போது ஊரில் ஆளும் அவ்வளவாக இல்லை, பாதிப் பேர் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

நடைபாதையில் நாற்காலி கிடையாது. கமிட்டியின் செயலாளர் செவ்தா என்ற அம்மாள் அந்தப் பக்கமாகப் போனவர், டீச்சரின் கால்களைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். பிளாஸ்கிலிருந்து மலைத் துளசித் தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

"அரை மூடி போதும்மா," என்றார் டீச்சர். "எனக்குத் தண்ணி அளவுதான்."

"எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு டீச்சர்," என்றார் செவ்தா. அன்றைய கமிட்டியை அவர் நின்றுகொண்டே எழுதினார்.

உள்ளே மூன்று உறுப்பினர்கள். தலைவர் கவ்ரிலோவ். ஓர் இளம் வழக்கறிஞர். மூன்றாமவர் ஓய்வுபெற வேண்டிய காலம் எப்போதோ கடந்த ஒரு பெரியவர். அவர் கூட்டம் தொடங்கும்போது கண்ணை மூடினால் தேநீருக்குத்தான் திறப்பார்.

"அளவீட்டின்படி மேல் லெஷ்னிக் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது," என்று வழக்கறிஞர் வாசித்தார். "ஆகவே தொலைதூரக் குடியிருப்பு அல்ல."

மெத்தோடி எழுந்தான். "ஐயா, அது சக்கரம் பெருசானதால மீட்டர் கம்மியா காட்டுது. ஊரு நகரல ஐயா."

"ஆவணப்படி நகர்ந்திருக்கு," என்றார் கவ்ரிலோவ். "நீங்க சந்தோஷப்படணும். உங்க சக்கரத்தால ஊரு பக்கத்துல வந்திருக்கு. பக்கத்துல இருக்கற ஊருக்குப் பெரிய சக்கரம் எதுக்கு?"

"சின்னச் சக்கரத்தைப் போட்டு அளந்து பாருங்க ஐயா, பத்துக்கு மேல வரும்."

"போட்டுக்கிட்டு வாங்க. அளந்துருவோம்."

"சின்னச் சக்கரம் மேல ஏறாதே ஐயா. அதுக்குத்தானே பெருசு போட்டேன்."

"அளக்க முடியாத தூரத்தைத் தூரம்னு நாங்க எப்பிடி ஒத்துக்கறது?" என்று கேட்டார் கவ்ரிலோவ். உண்மையிலேயே வருத்தப்பட்டார். தன்னுடைய விதிகள் ஒன்றோடொன்று இவ்வளவு அழகாகப் பொருந்துவதை எளிய ஜனங்களால் ரசிக்க முடியவில்லையே என்கிற வருத்தம்.

கதவு திறந்தே இருந்தது. வெலிக்கா டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். வகுப்பில் பேசுகிற குரல்தான், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"தம்பி, எனக்கு உங்க கணக்கு புரியல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தச் சக்கரத்தோட இந்த வண்டி ஓடலாமா, கூடாதா?"

"கேள்வி வாக்குக்கு விடப்படுகிறது," என்றார் வழக்கறிஞர் அவசரமாக. அதன் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

வழக்கறிஞர் இளைஞர். புதிய முறையிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். தலையைப் பக்கவாட்டில் சுத்தமாக ஆட்டினார்: இல்லை.

பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை மார்பில் விழுந்து, திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி விழுந்தது.

கவ்ரிலோவுக்குக் கோபம் வந்துவிட்டது. கமிட்டியின் நடுவே கதவருகில் நின்று, தம்பி என்று கூப்பிட்டு, ஓடலாமா கூடாதா என்று ஒரு கிழவி கேட்டதில் வந்த கோபம். கோபம் வந்த மனிதனுக்குச் சுற்றறிக்கை நினைவிருக்காது. அந்தக் கழுத்தில் அப்போது இருந்தது அவருடைய அப்பாவின் தலை. நாக்கைத் தட்டி 'ட்ச்' என்றார். தலையை மேலே வெட்டி, கீழே இறக்கி, மறுபடி மேலே வெட்டினார். மலைக்காரர்கள் எவருக்கும் சந்தேகமே வராத 'கூடாது'.

மெத்தோடி கண்ணை மூடிக்கொண்டு சிலுவைக் குறி போட்டான்.

"தலைவர், ஆம்," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார் செவ்தா. "மூத்த உறுப்பினர், ஆம். வழக்கறிஞர், இல்லை. ஒப்புதல் அளிக்கப்பட்டது."

"என்னம்மா எழுதறே?" என்றார் கவ்ரிலோவ். "நான் கூடாதுன்னேன்."

"சொன்னீங்களா ஐயா? வாய் திறந்தா செல்லாதே. நான் தலையைத்தான் பாத்தேன்." செவ்தாவின் குரலில் ஒரு துளி கேலி இல்லை. "மேலயும் கீழயும் போச்சு. வளாகத்துக்குள்ள அது ஆம். இல்ல, தலைவர் வளாகத்துக்குள்ளயே பழைய முறையில தலையாட்டிட்டாருன்னு எழுதணும்னா எழுதறேன். அடுத்த மாசம் வெளிநாட்டுக் குழு வந்து இதையெல்லாம் படிக்கும். எப்பிடி எழுதட்டும்?"

பெரியவர் குறட்டை விட்டார். கவ்ரிலோவ் ஜன்னலைப் பார்த்தார். வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தன் பேனாவைப் பார்த்தார்.

"ஆம்னே இருக்கட்டும்," என்றார் கவ்ரிலோவ். பிறகு தோற்காத ஒரு மனிதரின் புன்னகையோடு சேர்த்துச் சொன்னார்: "நிபந்தனை ஒண்ணு எழுதிக்கோ. இவ்வளவு பெரிய சக்கரம் உள்ள பழைய வண்டி, கார் வகையில வராது. அது காட்டு வேலை இயந்திரம். இயந்திரத்துல பயணிகள் ஏறக் கூடாது. ஓட்டுநர், தேவைப்பட்டா ஒரு வேலை உதவியாளர், பாதுகாப்பு உடையோட. அவ்வளவுதான்."

ஆக வண்டி போகலாம், டீச்சர் போக முடியாது. இயக்ககம் ஒரு காரியத்தைச் செய்தால் முழுமையாகச் செய்யும்.

நடைபாதையில் மெத்தோடி ஒப்புதல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "நீ கவலைப்படாதப்பா," என்றார் டீச்சர். "நான் டவுன்ல எங்கியாவது ஒரு அறை பாத்துக்கறேன்." இருவருக்கும் அது பொய் என்று தெரியும். அவருடைய ஓய்வூதியத்துக்கு நகரத்தில் ஒரு ஜன்னல்கூடக் கிடைக்காது.

அப்போது செவ்தா மாடிப்படியில் மூச்சிரைக்க இறங்கி வந்தார். கையில் ஆரஞ்சு நிற மேலாடை ஒன்று, பட்டை பட்டையாக மின்னியது. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் சாலையோரம் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக வாங்கி வைத்தது.

"கையை நீட்டுங்க டீச்சர்," என்றார். "இன்னிக்கு நீங்க வேலைக்குச் சேந்துட்டீங்க."

"இந்த வயசிலயா?"

"சம்பளம் கிடையாது, அதனால வயசு கேக்க மாட்டாங்க." செவ்தா குனிந்து, டீச்சரின் இடுப்பில் பட்டையை ஒட்டினார். சட்டை டீச்சருக்கு இரண்டு சுற்று பெரியதாக இருந்தது.

வாசலில் போலீஸ்காரர் காகிதத்தை வாசித்தார். டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் வேலை உதவியாளரா?"

டீச்சர் ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவர். மெத்தோடி அவர் வாயையே பார்த்தான்.

"ஆமாம்ப்பா."

"என்ன வேலை செய்வீங்க?"

டீச்சர் மேலாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா நான் ஜெபம் பண்ணுவேன். போன வருஷத்துலேருந்து அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

போலீஸ்காரர் சங்கிலியைப் பார்த்தார். தான் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நிச்சயம் செய்துகொண்டார். தெருப்பக்கம்தான். தலையைப் பக்கவாட்டில் நன்றாக, அகலமாக ஆட்டினார். "அது வேலைதாம்மா. எங்கம்மாவும் எனக்கு அதைத்தான் செய்யறாங்க." ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, டீச்சரின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

மருத்துவமனையில் நர்ஸ் பெண் ஆரஞ்சு மேலாடையைப் பார்த்துச் சிரித்தாள். "எந்தக் கம்பெனில சேந்தீங்க டீச்சர்? கழட்டுங்க, ஊசி போடணும்."

"கையை மட்டும் எடுத்துக்கோம்மா. சட்டையைக் கழட்டுனா எனக்கு வேலை போயிடும், வீட்டுக்குத் திரும்ப முடியாது."

நர்ஸ் கைப்பக்கத்தை மடித்துவிட்டு ஊசியைக் குத்தி, குழாயை மாட்டி, இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் தளர்ந்தது.

இயந்திரத்தின் நெற்றியில், கண்ணாடி மூடிக்குள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றத் தொடங்கியது. குழாயை அழுத்தி அழுத்தி, டீச்சரின் ரத்தத்தை அதுதான் உள்ளே தள்ளி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கூட்டிவந்தும் மெத்தோடி அதைக் கவனித்ததில்லை. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு வாசலுக்குப் போய், இயக்ககத்து ஆள் யாராவது வருகிறார்களா என்று நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான்.